இரண்டு துறைகளுக்கு நடுவில் நான்கு கட்டை

“இல்லாத கடலுக்கு எல்லை போடுறதுக்கோ பிள்ளை நீ இவ்வளவு காலம் படிச்சனீ?” என்று மாமா ஒருநாள் கேட்டார்.

மாமா அம்மாவின் தமையன். வடமராட்சி கிழக்கில், எங்கள் கரையில் கரைவலை இழுக்கிறவர். அன்றைக்கு அவர்களுடைய வலைக்கு இன்னும் முறை வரவில்லை. ஏழெட்டுப் பேர் மணலில் குந்தியிருந்து வெற்றிலை போட்டபடி, முன்னால் வளைத்தவர்களின் வலை கரைக்கு வந்து சேருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் வீட்டில் நின்றேன். அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன இடத்தில், யாழ்ப்பாணத்தில் என்ன வேலை செய்கிறாய் என்று மாமா விசாரித்தார். பொறுமையாக விளங்கப்படுத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

“சம்பளம் தருகினம் மாமா,” என்றேன்.

“அப்பிடியெண்டால் எனக்கும் அதிலை வலை வளைக்க ஒரு பாடு எடுத்துத் தா. அங்கையாவது முறைக்குக் காவலிருக்கத் தேவையில்லை.”

மறுபடியும் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையை மணலில் கவிழ்த்துத் தட்டி என்னிடம் தந்தார்.

நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான். உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து விளையாடுகிற ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. அதற்குள் மலை, காடு, கடல் எல்லாம் உண்டு. எல்லாமே சதுரக் கட்டைகளால் ஆனவை. கடல்நீர்கூடக் கட்டை கட்டையாகத்தான் இருக்கும். வருகிறவர்கள் அவற்றை உடைக்கலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம், சந்தை வைக்கலாம், ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்க்கவும் செய்யலாம். செத்தவர் திரும்பப் பிறப்பார். ஆனால் அவர் கையில் வைத்திருந்த சாமான் அவ்வளவும் வெட்டியவருக்குப் போய்விடும். இந்த விளையாட்டை ஓடவிடுகிற, சேர்வர் என்கிற பெரிய கணினிக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். எல்லா இடத்திலும் வெட்டுக்குத்து நடந்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்பதால், வரைபடத்தில் சில இடங்களைத் தனியாகப் பிரித்து, இங்கே இன்னது செய்யலாம், இன்னது செய்யக்கூடாது என்று விதி எழுதுவிப்பார். அந்த இடங்களைப் பிரிப்பதும் விதி எழுதுவதும்தான் என் வேலை. அலுவலகத்தில் அதைச் சோன் என்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடக் கடிதங்களில் பார்த்துப் பழகிய வலயம் என்ற சொல்தான் வாயில் வருகிறது.

ஒரு வலயத்தை உண்டாக்குவது பார்வைக்குச் சின்ன வேலை. ஒரு மூலையில் ஒரு கட்டையைக் காட்டவேண்டும். எதிர்மூலையில், உயரத்தையும் சேர்த்து, இன்னொரு கட்டையைக் காட்டவேண்டும். இரண்டுக்கும் இடையில் உள்ளதெல்லாம் ஒரு பெட்டியாகிவிடும். அதற்குப் பெயர் வைத்து, யார் உள்ளே வரலாம், யார் உடைக்கலாம், சண்டை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக எழுதவேண்டும். இரண்டு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எது பெரிது என்று இலக்கம் கொடுக்கவேண்டும். எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத இடத்துக்கு அந்த உலகத்தின் பொது விதி. நாங்கள் வேலை செய்த சேர்வரில் பொது விதி, யாரும் எதையும் செய்யலாம் என்பதுதான்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பள்ளிக்கூட வாசலையே காணாதவள். இன்றைக்கும் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டுத்தான். நான் உயர்தரம் சித்தியடைந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்தேன். எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பிரதேச செயலகத்துப் படிவம், கடற்றொழில் அட்டை, வெளிநாட்டில் இருக்கும் மகனின் பிள்ளைக்குப் பெயர் எழுதுவது எல்லாம் என் கையால்தான். அதைச் செய்யும்போது எனக்குள் ஒரு திமிர் இருந்தது. இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

வேலை யாழ்ப்பாண நகரத்தில், ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்த மாடியில். பன்னிரண்டு பேர் இருந்து வெளிநாட்டுச் சேர்வர்காரர்களுக்கு வேலை செய்துகொடுக்கும் சின்ன நிறுவனம். என்னை ஆறு மாதப் பயிற்சி நிலையில் எடுத்தார்கள். ஆறு மாதமும் சரியாகப் போனால் நிரந்தர நியமனக் கடிதம் தருவோம் என்று முதல்நாளே சொன்னார்கள். அந்தக் கடிதம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்தால் நகரத்திலேயே பெண்கள் தங்கும் விடுதியொன்றில் அறை எடுத்து இருக்கலாம் என்று அம்மா ஒத்துக்கொண்டிருந்தாள். நிரந்தரம் இல்லாத வேலைக்கு வீட்டைவிட்டுப் போய்த் தங்குவது சரிவராது என்பது அவளுடைய கணக்கு. அதுவரைக்கும் நான் காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறவேண்டும். கொடிகாமம் வரைக்கும் நின்றபடி பயணம். சந்தைக்குப் போகிற தேங்காய் மூட்டையும் வாழைக்குலையும் காலடியில் உருளும். கொடிகாமத்தில் இறங்கி யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். அலுவலகத்துப் படியேறும்போதே அன்றைய நாள் பாதி முடிந்துவிட்டதுபோல் இருக்கும். மாலையில் அதே வழி, மறுபக்கமாக.

ஐந்தாம் மாதம் எனக்கென்று தனியாக ஒரு வரைபடம் தந்தார்கள். முழுவதும் கடற்கரை. நீளமான ஒரு கரை, அதிலே முப்பத்தொரு துறை. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு கூட்டத்துக்கு. துறைக்குள் சண்டை இல்லை, களவு இல்லை, அந்தக் கூட்டத்தார் மட்டும் கட்டலாம், உடைக்கலாம். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அண்ணை அதைத் தரும்போது, “கடல் எண்டால் உனக்கு விளங்கும்தானே,” என்றார். இதைச் சரியாகச் செய்தால் நியமனத்துக்கு வேறு ஒன்றும் பார்க்கத் தேவையில்லை என்றும் சொன்னார்.

எனக்கு விளங்கத்தான் செய்தது. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஆழத்தை மறப்பார்கள். தரையிலிருந்து மேலே பெட்டி போடுவார்கள்; கீழே நிலத்தைத் தோண்டிக்கொண்டு எதிரி உள்ளே வந்துவிடுவான். நான் ஒருநாளும் மறக்கவில்லை. என் துறைகள் அடிப்பாறையில் தொடங்கி வானத்தில் முடிந்தன. கடலுக்குள் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதையும் கப்பல் திரும்பும் வளைவைப் பார்த்துக் கணித்துப் போட்டேன். மூன்று கிழமை எடுத்தது. கண் எரியும். பஸ்ஸில் கண்ணை மூடினால் சதுரம் சதுரமாகத் தெரியும். ஆனாலும் முடித்துவிட்டு மேலேயிருந்து பார்த்தபோது, முப்பத்தொரு பெட்டியும் ஒன்றோடொன்று முட்டாமல், ஒரே அளவு இடைவெளி விட்டு வரிசையாக இருந்தது அழகாகவே இருந்தது.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் பிழையாகிப்போனது.

எங்கள் கரையில் பாடு என்பது ஒரு வலை வளைக்கிற கரைத்துண்டு. ஒரு பாட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வலைதான் இறங்கும். ஆனால் ஒரு பாடு முடிகிற இடத்திலேயே அடுத்த பாடு தொடங்குவதில்லை. நீரோட்டம் வலையை இழுத்துக்கொண்டு போகும்; இரண்டு பாடும் முட்டிக்கொண்டிருந்தால் ஒருவருடைய கயிறு மற்றவருடைய வலையில் மாட்டும், பிறகு அடிபிடிதான். அதனால் நடுவில் ஒரு துண்டுக் கரையைச் சும்மா விட்டிருப்பார்கள். அது ஒருவருக்கும் இல்லை. வள்ளத்தை இழுத்து வைப்பதும், கிழிந்த வலையைப் போடுவதும் அங்கேதான். வீச்சுவலைக்காரர் அங்கே நின்று வீசுவார்கள். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் இருவருக்கு இடையில் ஏதும் பிரச்சினை என்றால், இருவரும் வந்து நின்று கதைப்பதும் அங்கேதான். அந்தத் துண்டில் யாரும் யாரையும் தொடமாட்டார்கள். இது எங்கும் எழுதிவைத்த விதி இல்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் பார்த்தது.

ஆகவே இரண்டு துறைகளுக்கு நடுவில் நான்கு கட்டை அகலத்துக்கு இடம் விட்டேன். யோசித்து விடவில்லை, மறந்துபோய் விடவும் இல்லை. கை தானாக விட்டது. அப்படித்தானே இருக்கும் என்று இருந்தேன்.

வேலையைச் சரிபார்த்தவர் சண்டிலிப்பாயைச் சேர்ந்த ஓர் அக்கா. என்னைவிட ஏழெட்டு மாதம் முன்னால் சேர்ந்தவர், இன்னும் பயிற்சி நிலையில்தான் இருந்தார். தோட்டக்காரர் வீட்டுப் பெண். ஒவ்வொரு துறைக்குள்ளும் போய் நடுவிலும் நான்கு மூலையிலும் ஒரு கட்டையை உடைத்துப் பார்த்தார், உடையவில்லை. வாள் எடுத்து வீசிப் பார்த்தார், காயம் வரவில்லை. எல்லாம் சரி என்று அடையாளம் போட்டார். இரண்டு வலயங்களுக்கு நடுவில் ஓர் இடம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருடைய ஊரில் ஒரு காணி முடிகிற வேலியில்தான் மற்றக் காணி தொடங்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சேர்வரைத் திறந்தார்கள். முதல் கிழமை நன்றாகப் போனது. சொந்தக்காரர் பாராட்டி எழுதியிருந்தார் என்று அண்ணை சொன்னார். இரண்டாவது கிழமை புதன்கிழமை நான் படியேறி வந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

யாரோ சிலர் அந்த நான்கு கட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கரையோரமாக ஒரு பாதை போகிறது. துறையிலிருந்து துறைக்குப் பண்டம் கொண்டுபோகிறவர்கள் அதன் வழியாகத்தான் நடந்துபோவார்கள். ஒருவர் துறைக்குள் வந்ததும், நீங்கள் பாதுகாப்பான துறைக்குள் இருக்கிறீர்கள் என்று திரையில் ஒரு வரி வரும். அது சில விநாடிகள் நிற்கும். துறையைவிட்டு வெளியேறினால் எச்சரிக்கிற வரி ஒன்றும் நான் வைத்திருக்கவில்லை, நாலு அடியில் அடுத்த துறையின் வரி வந்துவிடும்தானே என்று. அப்படி நம்பிக்கொண்டு நடந்து வருகிறவரை அந்த நான்கு கட்டைக்குள் மடக்கி வெட்டினார்கள். அங்கே வலயம் இல்லை. ஆகவே பொது விதி. யாரும் எதையும் செய்யலாம். முப்பது இடைவெளியிலும் ஆள் நிறுத்தி இரண்டு நாளாக அடித்திருந்தார்கள்.

முறைப்பாடுகள் வந்திருந்தன. அண்ணை அவற்றை எனக்கு அனுப்பி வாசிக்கச் சொன்னார். பெரும்பாலும் வசவு. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. தொடக்க நாளிலிருந்து சேர்த்ததையெல்லாம் கொண்டு வேறொரு துறைக்குக் குடிபோன ஒருவர் எழுதியிருந்தார். பாதுகாப்பு என்று எழுதியிருந்தது, நம்பி நடந்தேன், இனி வரமாட்டேன், இவ்வளவுதான். அதை இரண்டு தடவை வாசித்தேன். அந்த வரியை எழுதினவள் நான்.

பதினொரு மணிக்கு அண்ணை என்னையும் அக்காவையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கோபமாக இல்லை. அவருக்கும் களைப்புத்தான், இரவெல்லாம் சொந்தக்காரருக்குப் பதில் எழுதியிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“சொவ்ட்வெயர் பிழை எண்டு எழுதுவம்,” என்றார். “எல்லை சரியாப் பதியேல்லை, பாத்துத் திருத்திறம் எண்டு. அந்தாள் நம்பும். உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. அடுத்த மாசம் உன்ரை கடிதம் வருதெல்லோ.”

அவர் உதவி செய்யத்தான் பார்த்தார். அது எனக்கு விளங்கியது.

“அது பதியாமல் போகேல்லை அண்ணை. நான் விட்டது.”

“மறந்துபோய் விட்டிட்டாய் எண்டு சொல்லுறாய்.”

“மறக்கேல்லை. விடுறதுதான் முறை எண்டு விட்டனான்.”

அக்கா என் பக்கம் முழுதாகத் திரும்பினார். “உங்கடை பக்கம் வேலி கண்டே அறியாதனீங்களோடி?”

“கடலுக்கு எங்கையக்கா வேலி போடுறது?”

“எங்கடை ஊரிலை நாலு விரக்கடை சும்மா விட்டாலே விடியிறதுக்குள்ளை வேலிக் கதியாலை அரக்கித் தள்ளி நட்டுப்போடுவாங்கள். நீ நாலு கட்டை விட்டிருக்கிறாய். அதுவும் முப்பது இடத்திலை.”

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு நான் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நேர்மைக்காக அப்படிச் சொன்னேன் என்று பெருமைப்பட ஏலாது. என் கை செய்ததை ஒரு மென்பொருளின் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நானும் பிழை விடக்கூடியவள். ஆனால் அது என்னுடைய பிழையாக இருக்கவேண்டும். எதனால் பிழையானது என்பதும் அந்த அறையில் இருந்தபோதே தெரிந்துவிட்டது. எங்கள் கரையில் அந்தத் துண்டு சும்மா கிடக்கலாம். அங்கே நிற்கிற ஒவ்வொருவனையும், யாருடைய மகன், எந்த வலை என்று மற்றவனுக்குத் தெரியும். நாளைக்கும் அவனுடைய முகத்தில்தான் விழிக்கவேண்டும். சேர்வருக்குள் யாரையும் யாருக்கும் தெரியாது. அங்கே எழுதாமல் விட்டது எதுவும் விதியாகாது.

சொந்தக்காரர் கேட்டது எல்லைகளை ஒட்டிவிடச் சொல்லி. இரண்டு கட்டை இந்தப் பக்கம், இரண்டு கட்டை அந்தப் பக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எல்லை முட்டினால் ஒவ்வொரு கூட்டமும் அந்தக் கோட்டில் மதில் எழுப்பும், கரைப்பாதை முப்பது இடத்தில் அடைபடும். நான் அண்ணையிடம் கேட்டு, சொந்தக்காரருக்கு நானே ஆங்கிலத்தில் எழுதினேன். பிழை என்னுடையது என்று முதல் வரியில் எழுதினேன். பிறகு, இடைவெளி இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றையும் தனி வலயமாக்குவோம் என்றேன். அங்கே சண்டை இல்லை, உடைக்கவும் கட்டவும் ஒருவருக்கும் உரிமை இல்லை, எந்தக் கூட்டத்தாரும் நிற்கலாம், நடக்கலாம், தூண்டில் போடலாம். பக்கத்துத் துறைகளைவிட அதற்குப் பெரிய இலக்கம் கொடுப்போம் என்று காரணத்தோடு எழுதினேன். எழுதியதை ஆறு தடவை திருத்தினேன். மறுநாள் காலை பதில் வந்தது. சரி, வெள்ளி மத்தியானத்துக்கு முன்னர் முடியுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

அதற்கு ஒன்றரை நாள் இருந்தது. முப்பது வலயம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூலை, அடிப்பாறையிலிருந்து வானம் வரை. ஒவ்வொன்றையும் போட்டபின், இந்தமுறை நானே என் பாத்திரத்தை நடத்திக்கொண்டு கரைமுழுக்கப் போனேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டையைத் தட்டு, கோட்டின்மேல் ஒன்றைத் தட்டு, அந்தப் பக்கம் ஒன்றைத் தட்டு. கூட வந்தவர் அக்கா; அவருடைய பாத்திரம் எனக்கு எதிரே நின்று வாளால் என்னை வெட்டிக்கொண்டே வந்தது. சாகிறேனா என்று பார்க்க. “செத்தியோ?” என்பார். “இல்லையக்கா,” என்பேன். அடுத்ததுக்குப் போவோம். அவருடைய பெயருக்கும் அந்தப் பிழையில் பங்கு இருந்தது, ஆனால் அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மின்சாரம் நின்றுபோய், பற்றரி கீக்கீ என்று கத்தி ஓய்ந்து, இரண்டு மணித்தியாலம் விசிறிமட்டையால் விசிறிக்கொண்டு சும்மா இருந்தோம். அவர் கொண்டுவந்த கத்தரிக்காய்க் குழம்பையும் நான் கொண்டுவந்த பாரைமீன் பொரியலையும் பகிர்ந்து சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முடிந்தது.

வெட்டுப்பட்டவர்களின் சாமான்களைப் பழைய பதிவிலிருந்து எடுத்து அண்ணை திருப்பிக் கொடுத்தார். இனி வரமாட்டேன் என்று எழுதியிருந்த அந்த ஒருவரின் சாமான் மட்டும் அப்படியே கிடந்தது. அவர் வரவில்லை.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், வேலையில்லாமல் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பதினாலாம் பதினைந்தாம் துறைகளுக்கு நடுவில் இரண்டு பேர் நின்றார்கள். வெவ்வேறு கூட்டம், சட்டை நிறத்தில் தெரிந்தது. ஒருவர் எதையோ கீழே போட, மற்றவர் எடுத்துக்கொண்டு வேறு எதையோ போட்டார். பண்டமாற்று. பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நல்லது என்று நினைத்தேன். சந்தோஷப்படக்கூட உடம்பில் தென்பு இருக்கவில்லை.

வீட்டில் அப்பாவுக்கு மட்டும் சொன்னேன். அவர் உள்ளங்கையில் இருந்த வலைக்கயிற்றுக் காய்ப்பை நகத்தால் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்குச் சாமான் திரும்பக் கிடைச்சதோ?”

“எடுத்து வைச்சிருக்கிறம். ஆள் வரேல்லை.”

“வராது,” என்றார். பிள்ளையோ பெரியவரோ என்று எனக்கே தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

ஆறு மாதம் முடிந்த நாளில் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்கும் முன்னரே தெரிந்தது. நியமனக் கடிதம் இரண்டு தாள் என்று சொல்வார்கள், இது ஒன்று. பயிற்சிக் காலம் மேலும் மூன்று மாதம் நீடிக்கப்படுகிறது. காரணம், கடற்கரை வரைபடத்தில் நடந்த கவனக்குறைவு.

அண்ணையிடம் போனேன். கடிதம் எழுதினது தான் இல்லை, மேலே இருந்து வந்தது என்றார். சொவ்ட்வெயர் பிழை என்று எழுதியிருந்தால் இது வந்திராது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவருடைய நல்ல குணம். எல்லாருக்கும் ஒருமுறையாவது நீடிக்கிறதுதான், மூன்று மாதம் கண்ணை மூடி முழிக்கமுன் போய்விடும் என்றார்.

அக்காவுக்கு மூன்று முறை நீடித்திருக்கிறார்கள். அவரும் மத்தியானம் அதையேதான் சொன்னார்.

“வாங்கி வைச்சுக்கொண்டு பேசாமல் இரு. இதை விட்டிட்டு எங்கை போகப்போறாய்? கரையிலை போய்க் கயிறு இழுக்கப்போறியோ?”

“நீங்கள் மூண்டுதரமும் ஏன் அக்கா பேசாமல் இருந்தனீங்கள்?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “முதல்தரம் வாய் திறக்காதவளுக்கு இரண்டாம்தரம் திறக்க ஏலாதடி,” என்றார்.

பின்னேரம் அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பிழை என்று எழுதியிருந்தால் ஒருவேளை ஏற்றுக்கொண்டிருப்பேன். கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு துறையையும் அடிப்பாறைவரை அளந்து போட்டவளுக்கு அந்தச் சொல். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவேண்டியவளும் நான்தான். எங்கள் வீட்டில் வேறு யார் வாசிப்பது? மூன்று மாதம் கழித்து இன்னொரு தாள் வரும். அதையும் வாசிப்பேன். கைதடிப் பாலத்தில் காற்று வந்தபோதும், சாவகச்சேரியில் இருக்கை கிடைத்தபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் நித்திரையில் என் தோளில் சாய்ந்தார். தட்டிவிடவில்லை.

கொடிகாமத்தில் இறங்கினேன். எங்கள் பக்கம் போகிற பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் என்றார்கள். சந்தைக்காரர் மிஞ்சின வெண்டிக்காயைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தரிப்பிடத்துச் சீமெந்து இருக்கையில் இருந்து, கைபேசியில் நிறுவனத்துக்குப் பதில் எழுதினேன். இடைவெளியை விட்டது நான், அதை மறைக்கவில்லை, திருத்தியதும் நான்தான். நீடிப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு நிரந்தர நியமனம் தாருங்கள். இல்லையென்றால் இந்த மாதக் கடைசி நாளே என் கடைசி வேலைநாள். அதுவரைக்கும் தந்திருக்கிற வேலையை முடித்துத் தருவேன். பெயரையும் பதிவிலக்கத்தையும் கீழே போட்டேன். இரண்டு தடவை வாசித்தேன், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன்.

பிறகு அனுப்பினேன். பஸ் இன்னும் வரவில்லை.